பேக்கேமன் தொடக்கக் குறிப்பு: நோட்டைப் பார்த்து மறுபடி ஆடினால் எங்கே இடிக்கிறது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன்பிறகு காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி இரண்டு பலகையை விரித்து நாங்கள் பேக்கேமன் (இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்தும் இருவர் ஆட்டம்) ஆட உட்காருவோம். நான்கு பேர், சில ஞாயிறு ஆறு பேர். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அண்ணன் பஸ் ஏறி வருகிறார். ஆட்டத்தில் இல்லாமல் காத்திருப்பவர், ஆடுகிறவர்களின் முதல் ஐந்தாறு நகர்த்தல்களை நோட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ராத்திரி வீட்டுக்கு வந்து அதை க்னூ பேக்கேமன் என்கிற இலவச மென்பொருளில் ஏற்றுவது என் பொறுப்பு.

ஏற்றும்போதுதான் தெரியும், எழுதியது பாதி இடத்தில் ஓடாது என்று. ஐந்து காய் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு நிற்கும். இல்லாத காயை நகர்த்தச் சொல்லும். இதைவிட மோசம், எல்லாம் சரியாக ஓடிவிட்டு, ஆடாத ஆட்டத்தை ஆடியதாகக் காட்டும். இரண்டு வருஷ நோட்டுகளை இப்படி நோண்டியதில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் எவை என்று பிடிபட்டுவிட்டது. உங்கள் நோட்டிலும் இடித்தால், கீழே உங்கள் அறிகுறி எது என்று பார்த்து அங்கே போங்கள்.

அதற்கு முன் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டிய அடிப்படை

பலகையில் 24 வீடு. (முக்கோணத்தை நாங்கள் வீடு என்றே சொல்கிறோம். இரண்டு காய் சேர்ந்து நின்றால் வீடு கட்டியாயிற்று.) ஆளுக்கு 15 காய். ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும். காயை வெளியே எடுக்கும் மூலை 1, எதிராளியின் பலகைக்குள் நம் கடைசிக் காய்கள் நிற்கும் மூலை 24. தொடக்கத்தில் 24-இல் 2 காய், 13-இல் 5, 8-இல் 3, 6-இல் 5. இதை எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 48, 65, 24, 30, மொத்தம் 167. ஆட்டம் முடிய இத்தனை படி கடக்க வேண்டும். இந்த 167-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு உதவும்.

ஒரு நகர்த்தலை எழுதும் முறை: பகடை, பக்கத்தில் முக்காற்புள்ளி, பிறகு புறப்பட்ட வீடு, சாய்கோடு, சேர்ந்த வீடு. 31, அதாவது ஒரு பகடையில் 3-உம் மற்றதில் 1-உம், விழுந்து 5-ஆம் வீட்டைக் கட்டினால்

31: 8/5 6/5

எதிராளியின் தனிக்காயை வெட்டினால் சேர்ந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம். வெட்டு வாங்கிய காய் பலகையின் நடுப்பட்டையான பாரில் இருக்கும். அங்கிருந்து இறங்குவதை 25 என்று எழுதுங்கள். வெளியே எடுத்த காய்க்கு 0. ‘பார்’ என்று எழுத்தில் எழுதினால் தமிழ் நோட்டில் ‘இதைப் பார்’ என்று குறித்ததுபோல இருக்கிறது, நாங்களே இரண்டு தடவை ஏமாந்தோம். 25, 0 என்று எழுதினால் கழித்தல் கணக்கும் தானாக வந்துவிடும்.

பலகையை இடப்பக்கம் திருப்பி வைத்தாலும் வலப்பக்கம் திருப்பி வைத்தாலும் எண்கள் மாறாது. ஆகவே ‘இடது மூலை’, ‘மேல் வரிசை’ என்ற பேச்சே நோட்டில் வேண்டாம்.

அறிகுறி: காயே இல்லாத வீட்டிலிருந்து நகர்த்தச் சொல்கிறது

முதலில் பார்க்க வேண்டியது, எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பது. அவரவர் பக்கத்திலிருந்து எண்ணினால் காய் 24-இலிருந்து 1-ஐ நோக்கியே போகும். எந்த நகர்த்தலிலும் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எண் பெரிதாக, பின்னால் உள்ளது சிறிதாக இருந்தாக வேண்டும். 1/11 என்று ஒரு வரி இருந்தால், எழுதியவர் தான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து எதிராளியின் காயைப் பார்த்து எழுதிவிட்டார்.

மருந்து எளிது. இரண்டு எண்ணையும் 25-இலிருந்து கழியுங்கள். 1 என்பது 24 ஆகும், 11 என்பது 14 ஆகும். ஒரு நோட்டில் இப்படி இருந்தது:

கறுப்பு 31: 8/5 6/5
வெள்ளை 64: 1/11

இரண்டாவது வரி உண்மையில் 24/14. சரியா என்று பலகையில் சோதிக்கலாம். வெள்ளையின் 24-ஆம் வீட்டுக் காய் முதலில் 4 போனால் 20, அது கறுப்பின் 5-ஆம் வீடு, கறுப்பு இப்போதுதான் அதைக் கட்டியிருக்கிறது, நுழைய முடியாது. முதலில் 6 போனால் 18, கறுப்பின் 7, காலி. அங்கிருந்து 4 போனால் 14. ஆக 24/14 ஆடக்கூடிய நகர்த்தல்தான்.

எண்கள் ஒழுங்காக இறங்குகின்றன, ஆனாலும் காய் இல்லை என்றால், மேலே எங்கோ ஒருவருடைய முறை எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் ஒருவர் பாரிலிருந்து இறங்க வழியில்லாமல் தன் முறையை விட்ட இடம் அது. எதுவும் ஆடவில்லையே என்று எழுதுகிறவர் பேனாவை எடுத்திருக்க மாட்டார், அடுத்த வரியிலிருந்து இரண்டு பத்தியும் மாறிப்போயிருக்கும். ஆடாத முறைக்கும் பகடையை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அறிகுறி: கழித்துப் பார்த்தால் பகடை எண் வரவில்லை

இது நல்ல அறிகுறி, ஏனென்றால் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கிறது. 61: 13/1 8/7 என்றிருந்தது ஒரு பக்கத்தில். எட்டிலிருந்து ஏழு போனால் 1, சரி. பதின்மூன்றிலிருந்து ஒன்று போனால் 12. பகடையில் 6 அல்லவா இருக்கிறது? அப்படியானால் 1 என்று தெரிவது 7.

புதுச்சேரியில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் 1-க்குத் தலையில் நீளமாக ஒரு சாய்வுக் கோடு இழுப்பார்கள், 7-க்கு இடுப்பில் குறுக்குக் கோடு போடுவார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்த நமக்கு அவர்களுடைய 1 ஏழாகத் தெரியும். நம்முடைய 7, குறுக்குக் கோடு இல்லாததால் அவர்களுக்கு 1 ஆகத் தெரியும். எங்கள் கூட்டத்தில் இரண்டு வகையும் இருக்கிறார்கள். கடைசியில் எல்லாரும் 7-க்குக் குறுக்குக் கோடு போடுவது, 1-ஐ வெறும் நேர்க்கோடாக எழுதுவது என்று முடிவுசெய்தோம். அன்றைக்கு ஒழிந்தது அந்தத் தொல்லை.

கழிக்கும்போது ஒவ்வொரு காயையும் தனித்தனியாகக் கழியுங்கள், மொத்தம் மட்டும் போதாது. 53: 13/9 6/2 என்று எழுதியிருந்தால் மொத்தம் 8 வந்துவிடும், ஆனால் இரண்டும் 4, 4. பகடையில் நான்கே இல்லை. இரண்டு பகடையையும் ஒரே காய்க்கு ஆடியிருந்தால் மட்டும் மொத்தத்தைப் பார்க்கலாம்: 65: 24/13, பதினொன்று, சரி.

கழித்து வருவது பகடையைவிடக் குறைவாக இருந்தும் தவறில்லாத இடம் ஒன்று இருக்கிறது. காய்களை வெளியே எடுக்கும் கட்டத்தில், மேலே காய் இல்லாதபோது 6 விழுந்து 4-ஆம் வீட்டுக் காயை எடுத்தால் 4/0 என்றுதான் வரும். தொடக்க ஆட்டத்தில் அதற்கு வேலையில்லை.

அறிகுறி: 13 என்று இருப்பது பகடையா, வீடா?

தாயம் ஆடிப் பழகியவர்களுக்கு ஒன்றும் மூன்றும் விழுந்தால் ‘தாயம், மூணு’ என்றுதான் வாயில் வரும், கையும் 13 என்று எழுதும். பேக்கேமனில் 13 என்பது ஐந்து காய் நிற்கும் நடுவீடு. வரியின் தொடக்கத்தில் 13 8/5 6/5 என்று பார்த்தால் தலை சுற்றும்.

பெரிய எண்ணை முன்னால் எழுதுவது உலக வழக்கம்: 31, 64, 21. இப்படி எழுதினால் தொடக்கப் பகடையில் இரண்டாம் இலக்கம் எப்போதும் முதலாவதைவிடச் சிறியதாகவே இருக்கும், 13 என்ற பகடை நோட்டிலேயே வராது. முக்காற்புள்ளியையும் விடாதீர்கள்.

அறிகுறி: ஒருவர் திடீரென்று பாரிலிருந்து இறங்குகிறார், ஆனால் யாரும் அவரை வெட்டவில்லை

நட்சத்திரம் விட்டுப்போயிருக்கிறது. வெட்டு விழும்போது எல்லாரும் ‘ஆகா’ என்று கத்துகிற நேரம், எழுதுகிறவரும் கத்திக்கொண்டிருப்பார். அதனால்தான் மற்ற எந்தக் குறியையும்விட இது அதிகம் விடுபடுகிறது.

எங்கே விடுபட்டது என்று கண்டுபிடிக்க, படிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். உதாரணத்துக்கு ஒரு தொடக்கம்:

கறுப்பு 21: 13/11 6/5
வெள்ளை 43: 24/20* 13/10
கறுப்பு 31: 25/22 6/5*

கறுப்பு 167-இல் தொடங்கி 3 போனதால் 164. வெள்ளை தன் 20-ஆம் வீட்டில், அதாவது கறுப்பின் 5-ஆம் வீட்டில், தனியாக நின்ற காயை வெட்டுகிறது. 5-இல் நின்ற காய் 25-க்குப் போனதால் கறுப்புக்கு 20 படி கூடிவிட்டது, 184. வெள்ளை 7 போனதால் 160. அடுத்து கறுப்பு மூன்றால் பாரிலிருந்து இறங்கி, ஒன்றால் அதே இடத்தில் திருப்பி வெட்டுகிறது. கறுப்பு 180. வெட்டு வாங்கிய வெள்ளைக் காய் 20-இலிருந்து 25-க்குப் போனதால் 5 மட்டும் கூடி வெள்ளை 165.

மென்பொருள் ஒவ்வொரு நிலையிலும் இந்தக் கணக்கைக் காட்டும். நோட்டில் இரண்டு மூன்று முறைக்கு ஒருதரம் ஓரத்தில் படிக் கணக்கை எழுதி வைத்திருந்தால், எந்த வரியில் கணக்கு பிசகுகிறதோ அந்த வரியில்தான் கோளாறு. பலகையில் நின்ற காய் ஒன்று வெட்டு வாங்கினால் அதன் சொந்தக்காரருக்கு எத்தனை படி கூடும் என்பது 25-இலிருந்து அது நின்ற வீட்டைக் கழித்தால் வரும். ஆகவே கணக்கு 20 இடித்தால், அவருடைய 5-ஆம் வீட்டில் வெட்டு விழுந்திருக்கிறது என்று நேரே போய்த் தேடலாம்.

ஒரே காய் இரண்டு பகடையையும் ஆடி வழியில் வெட்டினால், வெட்டிய வீட்டையும் எழுதியே ஆக வேண்டும். 24/18*/14 என்பதும் 24/14* என்பதும் வேறு வேறு. முதலாவதில் 18-இல் நின்ற காய் போயிற்று, இரண்டாவதில் 14-இல் நின்றது. வழியில் எதையும் வெட்டவில்லையானால் 24/14 என்று சுருக்கமாக எழுதினால் போதும்.

அறிகுறி: மென்பொருள் எதையும் மறுக்கவில்லை, ஆனால் நல்ல ஆட்டக்காரரின் பேரில் பெரிய பிழை என்று காட்டுகிறது

இந்த அறிகுறியைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். மேலே சொன்னவை எல்லாம் இடித்து நிற்கும், நாமும் நின்று திருத்துவோம். இது இடிக்காது. ஆடாத ஆட்டம் ஆடினவர் பெயரில் ஏறிவிடும்.

இது எழுத்துச் சுருக்கத்தால் வருவது. தொடக்க நிலை எப்போதும் ஒன்றே என்பதால், முதல் நகர்த்தலை முழுசாக எழுதாமல் பகடையும் ஓர் எழுத்தும் போட்டு முடிக்கலாம். நாக் பல்லார்ட் என்கிற அமெரிக்க ஆட்டக்காரர் இதற்கு ஒரு முழு முறையே வகுத்திருக்கிறார். பின்னால் 24-ஆம் வீட்டில் நிற்கும் ஜோடியை உடைத்தால் எஸ், நடுவீட்டிலிருந்து இரண்டு காயை இறக்கினால் டி, ஓடினால் ஆர், வீடு கட்டினால் பி, வெட்டு விழுந்தாலும் பரவாயில்லை என்று தனிக்காயை முக்கியமான வீட்டில் வைத்தால் டாலர் குறி. 31-க்குப் பின்னால் பி என்றால் 8/5 6/5 என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நாங்களும் அப்படியே ஆரம்பித்தோம். ஆனால் எழுதுகிறவர்களில் இரண்டு பேர் ஆங்கில எழுத்து போட்டார்கள், மற்றவர்கள் தமிழில் எழுதினார்கள். தமிழில் ஜோடியைப் பிரிப்பதற்குப் ‘பிளவு’ என்று பேர் வைத்து, ‘பி’ என்று சுருக்கினோம். ஆங்கிலத்துப் பி-யை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதினாலும் ‘பி’ தான். ஒருவருக்கு வீடு கட்டுதல், இன்னொருவருக்குப் பிளவு. கவனித்தீர்களா, இரண்டும் நேரெதிரான ஆட்டம்.

மஞ்சக்குப்பத்து அண்ணன் 42 விழுந்தால் 8/4 6/4 என்று நான்காம் வீட்டைக் கட்டுவார். அதை ஒருவர் ‘42 பி’ என்று எழுதினார், ஆங்கிலப் பி. நான் ராத்திரி அதைப் பிளவு என்று படித்து 24/20 13/11 என்று ஏற்றினேன். ஆடக்கூடிய நகர்த்தல்தான், மென்பொருள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மதிப்பீட்டில் ஒவ்வொரு தடவையும் பிழை என்று குறித்தது. 42 என்றால் நான்காம் வீட்டைக் கட்டுவதுதான் என்பதில் கணினிகளுக்குள் கருத்து வேறுபாடே இல்லையே. மாதக் கடைசியில் நான் பட்டியல் போட்டுக் காட்டியபோது அவர் பேரில் இந்தப் பிழை ஏழு தடவை இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, 42-க்கு நான் என்னிக்குமே வீடுதான் கட்டியிருக்கேன். இது என் ஆட்டம் இல்ல.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று ராத்திரியே அந்த ஏழு ஆட்டத்தையும் மறுபடி ஏற்றினேன். ஒரு மனிதர் நன்றாக ஆடியதை மோசமாக ஆடியதாக எழுதி வைப்பது சின்ன விஷயமில்லை.

அதன்பின் தமிழ் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டோம். வீடு கட்டுவது ‘க’. ஓடுவது ‘ஓ’. நடுவீட்டிலிருந்து இரண்டு காயை இறக்குவது ‘இ’. தனிக்காயைப் பொறியாக வைப்பது தூண்டில், ‘தூ’. ஜோடியை உடைப்பதற்கு முதலில் ‘உ’ போட்டோம், ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கையெழுத்தில் உ என்பது 2 போலவே இருக்கும், 43உ என்பதை 432 என்று படித்தார்கள். இப்போது ‘ஜோ’. அதை எந்த எண்ணோடும் குழப்ப முடியாது.

இந்த எழுத்துகளால் சுருக்கக்கூடியவை:

க: 31 என்றால் 8/5 6/5. 42 என்றால் 8/4 6/4. 53 என்றால் 8/3 6/3. 61 என்றால் 13/7 8/7. 64 என்றால் 8/2 6/2.
ஓ: 65 என்றால் 24/13. 64, 63, 62 என்றால் முறையே 24/14, 24/15, 24/16.
இ: 32 என்றால் 13/10 13/11. 43 என்றால் 13/9 13/10. 52 என்றால் 13/8 13/11. 54 என்றால் 13/8 13/9.
தூ: 21, 41, 51 மூன்றிலும் ஒன்றுக்கு 6/5, மற்றதற்கு 13-இலிருந்து இறக்கம். 62 என்றால் 13/5.

31, 42, 53, 61 நான்குக்கும் ‘க’, 65-க்கு ‘ஓ’, இவை ஐந்திலும் வாதம் கிடையாது. வேறு எழுத்து இருந்தால் எழுதியவரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். புதிதாக ஆடுகிறவர் உண்மையிலேயே வேறு மாதிரி ஆடியிருக்கலாம், அப்படியானால் அதையே எழுதுவோம்.

‘ஜோ’ மட்டும் தனி எழுத்தாக நிற்காது. 43 விழுந்து ஜோடியை உடைத்தால் 24/20 13/10 ஆகவும் இருக்கலாம், 24/21 13/9 ஆகவும் இருக்கலாம். இரண்டும் நல்ல ஆட்டக்காரர்கள் ஆடுவதுதான். பல்லார்ட் முறையில் இதற்காகவே முதலாவதுக்கு யூ, இரண்டாவதுக்கு இசட் என்று வேறு எழுத்துகள் இருக்கின்றன. நாங்கள் புது எழுத்து சேர்க்கவில்லை, பின்காய் எந்தப் பகடையை ஆடியதோ அந்த எண்ணைப் பக்கத்தில் போடுகிறோம். 43ஜோ4 என்றால் 24/20 13/10. 43ஜோ3 என்றால் 24/21 13/9. 32-லும் இதே சிக்கல், இதே தீர்வு: 32ஜோ3 என்றால் 24/21 13/11, 32ஜோ2 என்றால் 24/22 13/10. 64-இல் ஜோ6 என்றால் 24/18 13/9.

52, 54 இரண்டிலும் இந்த எண் தேவையில்லை என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். பின்காய் 5 போக முடியாது, 24/19 என்பது எதிராளியின் ஐந்து காய் நிற்கும் ஆறாம் வீடு. ஆகவே 54ஜோ என்றால் 24/20 13/8 மட்டுமே. ஆனாலும் நாங்கள் 4 போட்டே எழுதுகிறோம். இங்கே வேண்டும், அங்கே வேண்டாம் என்று நினைவு வைத்துக்கொள்வதைவிட எப்போதும் எழுதுவது சுலபம்.

இன்னொரு எல்லை. எழுத்துச் சுருக்கத்தை முதல் நகர்த்தலுக்கு மட்டும் வையுங்கள். இரண்டாவது ஆட்டக்காரருக்கு நிலை ஏற்கெனவே மாறிவிட்டது. கறுப்பு 31க ஆடியபின் வெள்ளை 42ஜோ4 ஆட முடியாது, அந்த வீடு அடைபட்டுவிட்டது. எதிராளியின் தனிக்காயை வெட்டியபடியே ஜோடியை உடைத்தால் அதற்கு ஜோ போடுவதா, வேறா என்று வழக்கு வரும். முதல் பகடையில் இரட்டை வராது, 15 வகைதான். அடுத்தவருக்கு இரட்டையும் சேர்த்து 21 வகை. இருவரும் ஒருதரம் உருட்டுவதற்குள் 315 சேர்க்கை வந்துவிடுகிறது, அதற்கு மேல் நகர்த்தல் வேறுபாடுகள். ஐந்து எழுத்தால் அதைத் தாங்க முடியாது. இரண்டாவது முறையிலிருந்து எண்ணால் எழுதுங்கள்.

பழைய நோட்டில் ஏற்கெனவே பிழை ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: ஒரே ஆள், ஒரே பகடை, ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், ஆட்டக்காரரைச் சந்தேகிக்கும் முன் எழுத்தைச் சந்தேகியுங்கள். அந்தப் பக்கங்களை எழுதியவர் ஒருவரே என்றால் ஏறக்குறைய உறுதி.

அறிகுறி: ஆட்டத்தின் முதல் பகடையே 33 அல்லது 55

ஆளுக்கு ஒரு பகடை உருட்டி, பெரிய எண் விழுந்தவர் அந்த இரண்டு எண்ணையும் வைத்து முதலில் ஆடுவதே முறை. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். ஆக முதல் நகர்த்தல் இரட்டையாக இருக்க வழியில்லை. இருந்தால், முதல் வரி விட்டுப்போய் இரண்டாவது வரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள், டீ வாங்கப் போனவர் வந்து எழுதியது. இல்லையென்றால், முதலில் யார் என்று தீர்ந்தபின் அவர் இரண்டு பகடையையும் புதிதாக உருட்டுகிற வழக்கத்தில் ஆடியிருக்கிறார்கள். சில நாடுகளில் அப்படியும் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தை மற்றவற்றோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

அறிகுறி: இரட்டை விழுந்த வரியில் பாதி நகர்த்தல் காணோம்

33: 8/5 6/3 என்று எழுதிவிட்டு, ‘இரண்டு இரண்டு காய்’ என்பது எல்லாருக்கும் தெரியும்தானே என்று விட்டிருப்பார்கள். இரட்டைக்கு நான்கு நகர்த்தல். 33: 8/5(2) 6/3(2) என்று அடைப்பில் எண்ணிக்கை போட வேண்டும். சோதனை: 33-க்கு மொத்தம் 12 படி போயிருக்க வேண்டும், 44-க்கு 16. 44: 24/20(2) 13/9(2), நான்கு நான்கு, பதினாறு, சரி.

அறிகுறி: விரிதாளில் ஏற்றினால் நகர்த்தல் மே மாதமாக மாறுகிறது

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ ஒரு கட்டத்தில் 13/5 என்று அடித்து என்டர் தட்டினால், நம் ஊர் தேதி அமைப்பில் அது 13 மே ஆகிவிடும். 6/5 என்றால் 6 மே. 24/13 போன்றவை மட்டும் தப்பிக்கும், பதின்மூன்றாவது மாதம் இல்லாததால். இதனால் பார்க்கும்போது சில வரி ஒழுங்காகவும் சில வரி தேதியாகவும் இருக்கும், எழுதியவருக்குக் காரணம் புரியாது. 8/5 6/5 என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் அடித்தால் மாறாது. ஒவ்வொரு காய்க்கும் தனிக் கட்டம் வைத்தவர்களுக்குத்தான் இது வரும்.

எக்செல்லில் தேதியாக மாறியபின் அந்தக் கட்டத்தை உரையாக மாற்றினால் பழைய எழுத்து திரும்பாது, ஓர் ஐந்திலக்க எண் நிற்கும். எக்செல் நாட்களை அப்படித்தான் உள்ளே எண்ணி வைத்திருக்கிறது. ஆகவே முதலில் அந்தப் பத்தி முழுவதையும் உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு அடிக்க ஆரம்பியுங்கள். ஒன்றிரண்டு கட்டம்தான் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி அடித்தாலும் போதும், அது திரையில் தெரியாது. ஏற்கெனவே கெட்டுப்போனவற்றை நாளும் மாதமும் பார்த்துத் திருப்பி எழுதிவிடலாம்: 13 மே என்றால் 13/5. ஆனால் கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மாதம் முன்னால் வரும், 6/5 என்பது ஜூன் 5 என்று நிற்கும். பகடையோடு கழித்துப் பார்த்து எது என்று முடிவுசெய்யுங்கள்.

எதைப் பார்த்தும் பிடிபடவில்லை

கடல் காற்றில் தாள் ஈரம் ஏறி மை கசிந்த பக்கங்கள் எங்களிடம் நிறைய உண்டு. ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், பென்சிலோ சாதாரண பால் பேனாவோ போதும். வரியே படிக்க முடியாத இடத்தில் ஊகித்து எழுதாதீர்கள். கடைசியாகச் சந்தேகமில்லாத வரிவரை மட்டும் ஏற்றி, அங்கே நிறுத்திவிடுங்கள்.

இனிமேல் அப்படி நேராமல் இருக்க, ஐந்தாறு முறை ஆனதும் பலகையைப் போனில் ஒரு படம் எடுக்கிறோம். எடுக்கும்போது பகடைகள் படத்தில் விழ வேண்டும், யார் முறை என்பதை நோட்டின் அந்த வரியில் எழுத வேண்டும். வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்து மென்பொருளில் காய்களை அடுக்கினால், அந்த நிலைக்கு அது 14 எழுத்தில் ஓர் அடையாளக் குறியீடு தரும். நோட்டை ஆடி வந்து சேரும் நிலையின் குறியீடும் இதுவும் ஒன்றாக இருந்தால் இடையில் எழுதியதை நம்பலாம். வேறாக இருந்தால் படத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வரியாகக் காயைத் திருப்பி வையுங்கள். ஒரு கட்டத்தில் திருப்பி வைக்கக் காய் இருக்காது. அந்த வரியை எழுதியவரிடம் போன் போட்டுக் கேளுங்கள், ஞாயிறு ஆடியது திங்கள்வரை பெரும்பாலும் நினைவிருக்கும்.